பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருப்பதால், படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அவர்கள் பீரோக்களில் புடவை மடிப்புக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் 1965 போரின் ரக்ஷா மெடல், 1971 போரின் சங்ராம் மெடல். அதே 1971-இல் கிழக்கு முனையில் நின்றவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார்.

முகப்பைவிட விளிம்பே முக்கியம். படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்படும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தாத்தாவின் படைப்பிரிவைத் தேடிப்போகலாம்.

சில வீடுகளில் இன்னும் பழையதும் இருக்கலாம். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் கிடைத்தது. மெசபடோமியாவில் மூட்டை சுமந்த இந்தியத் தொழிற்படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். ஒரே போர், ஒரே வெயில். இந்தப் பாகுபாடு இன்றும் மனதை உறுத்துகிறது. வெள்ளியானதால் பல பதக்கங்கள் உருக்கப்பட்டுவிட்டன. வெண்கலத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

தயவுசெய்து திருநீறோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு கூடும், பெயர் தேய்ந்துவிடும். நிறம் மங்கிய ரிப்பனையும் மாற்ற வேண்டாம். படைப் பணிக்கால நோட்டு, பணிவிடுவிப்புச் சான்று, சீருடைப் படம் எல்லாவற்றையும் பதக்கத்தோடு ஒன்றாகவே வையுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

பழைய பதக்கத்தை வெளிநாட்டில் விற்க நினைப்பவர்களுக்கு ஒன்று: நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.