புகையடுப்பின் சூட்டை ஆளும் பெட்டி: பழுதும் திருத்தமும்

நவம்பர் தொடங்கி ஜனவரி வரையான வாடைக்கால மழை எமது பிரதேசத்துக் கருவாட்டுத் தொழிலுக்கு ஆண்டுதோறும் நேரும் சோதனையாகும். ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், வெயில் இல்லாத நாட்களில் விற்றுத் தீராத மணலையும் திலாப்பியாவும் பாயிலே கிடந்து புழுத்துப்போகின்றன. படுவான்கரைப் பக்கம் ஐஸ் கொண்டுசெல்வதும் ஒரு காலத்தில் பெரும்பாடாகவே இருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு ‘பாதை’யில் ஏறியிறங்கித்தான் போகவேண்டியிருந்தது. வீதி சீரான பின்னரும் ஐஸின் விலை சிறு மீன்காரருக்கு எட்டுவதாயில்லை. எனவே, மழையிலும் செய்யக்கூடிய மீன் பதனிடும் முறை எது என்ற கேள்வி எம்முன் தொடர்ந்து நிற்கின்றது.

புகையூட்டல் அதற்கு ஒரு விடையாகும். மாசி செய்வோர் சூரையை அவித்துப் புகைகாட்டி வெயிலில் உலர்த்துவது இந்நாட்டில் யாவரும் அறிந்ததே. மேற்காபிரிக்காவில் இது பெண்களின் தொழில். கானாவின் சோர்க்கோர் என்னும் மீனவக் கிராமத்தின் பெயரால் வழங்கும் அடுக்குத்தட்டு அடுப்பும், 2008இல் செனகலின் தியாறோய் பயிற்சி நிலையத்தில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் உருவான அடுப்பும் அங்கிருந்து பரவியவை. இவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. தேவைப்படுவது தீயின் முன்னால் இருந்து விறகை இழுத்தும் தள்ளியும் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் ஓர் ஆள். ஆறேழு மணிநேரம் புகைக்குள் கண்ணெரிய இருப்பவர் எம் தாய்மாரே என்பதை மறந்துவிடலாகாது.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியே ‘பெலற்’ புகையடுப்பு. மரத்தூளை அமுக்கிச் செய்த, ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறு உருளைகளே பெலற். 1980களில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ ட்ரேகர் என்பவர் இவ்வகை அடுப்பை அமைத்து, 1986இல் காப்புரிமை பெற்றார். அமைப்பு எளிமையானது. ஒரு பக்கத்தில் பெலற் கொட்டும் பெட்டி. அதன் அடியில் அரிசி ஆலைகளில் காணப்படுவது போன்ற திருகு. திருகைச் சுழற்றும் சிறு மோட்டோர். திருகு கொண்டுபோய்ப் போடும் எரிகிண்ணம். கிண்ணத்தில் தீமூட்டும் மின்கோல். தீக்குக் காற்றூதும் விசிறி. இவை அனைத்தையும் ஏவுவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அது அறையினுள் உள்ள உணரியின் மூலம் சூட்டை அறிந்து, எத்தனை விநாடி திருகைச் சுழற்றுவது, எத்தனை விநாடி நிறுத்துவது என்று தீர்மானிக்கின்றது.

வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் மகளிர் குழுவுக்கு, கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் இத்தகைய பழைய அடுப்பொன்றைக் கப்பலில் அனுப்பியிருந்தார். குழுவினர் மீன் வாங்கக் கடன் எடுத்துவிட்டு, இயந்திரத்தை இயக்கித் தருமாறு எம்மிடம் வந்தனர். நாமும் அதை நேரே சுவர்ச் செருகியில் மாட்டினோம். சில நிமிடங்களில் பெட்டியினுள்ளிருந்து புகை வந்தது, மீனுக்கு வரவேண்டிய புகையல்ல! வட அமெரிக்க இயந்திரம் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸுக்கு உரியது. எமது மின்சாரமோ 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். பின்பக்கத் தகட்டில் அது எழுதியே இருந்தது. படிப்பித்தவர்கள் என்று பெயரெடுத்த நாமே அதைப் படிக்கவில்லை.

இதில் நடந்ததைக் கணக்காகவே காட்டலாம். 120 வோல்ற்றில் 200 வாற்று எடுக்கும் தீமூட்டிக் கோலின் தடை 72 ஓம். அதே கோலுக்கு 230 வோல்ற்று கொடுத்தால் அது ஏறக்குறைய 735 வாற்று இழுக்கும். கோல் உருகும், அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் கருகும். எம்முடைய பெட்டியில் இரண்டும் நடந்தன. ஆகவே, வெளிநாட்டிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் முதல் வேலை தகட்டைப் படிப்பதே. மாற்றுக் கோல் வாங்குவோர் 230 வோல்ற்றுக்குரியதைக் கேட்டு வாங்கலாம். 200 வாற்றுக் கோலானால் அதன் தடை ஏறக்குறைய 264 ஓம் இருக்கவேண்டும்.

‘நிலைமாற்றி ஒன்று போட்டால் சரிதானே’ என்று பலர் எண்ணுவர். பாதிதான் சரி. நிலைமாற்றி வோல்ற்றைக் குறைக்குமேயன்றி 50 ஹேட்ஸை 60 ஆக்காது. திருகு மோட்டோரும் விசிறியும் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுற்றும். 60 ஹேட்ஸில் 15 விநாடியில் விழும் பெலற் இங்கு விழ 18 விநாடி எடுக்கும். அடுப்பு ஏன் சூடேறவில்லை என்று உணரியையும் பெட்டியையும் குறைகூறி இரண்டு வாரங்களை நாம் வீணாக்கியது இந்தக் கணக்குத் தெரியாமலே. மேலும், 60 ஹேட்ஸ் மோட்டோரை 50 ஹேட்ஸில் 120 வோல்ற்றுடன் ஓட்டினால் அது அளவுக்குமேல் சூடேறும். 100 வோல்ற்றே அதற்குப் பொருத்தம். இயலுமாயின் மோட்டோரையும் விசிறியையும் 230 வோல்ற்று வகைக்கு மாற்றிவிடுவதே நீடித்த வழி.

இனிப் பெட்டியின் ‘மூளை’யைப் பார்ப்போம். ஆரம்பகாலப் பெட்டிகளில் ‘குறைவு, நடு, கூட’ என மூன்று நிலைகளே இருந்தன. அவை சூட்டை அறியாமல் மணிக்கூட்டைப் பார்த்து மட்டும் பெலற் போட்டன. பின்னர் வந்த பொதுவான வகை, புகை நிலையில் 15 விநாடி போட்டு 65 விநாடியளவு நிறுத்தும். அந்த நிறுத்தத்தைப் பத்துப் பத்து விநாடியாகக் கூட்டிக் குறைக்கலாம். மழைக்காற்று வீசும்போது ஒன்று குறைக்கவேண்டும், நண்பகல் வெயிலில் ஒன்று கூட்டவேண்டும். பெலற் விழுந்து பற்றிச் சூடாகச் சில நிமிடம் எடுப்பதால் இப்பெட்டிகளில் சூடு இலக்கைத் தாண்டுவதும் பின் தாழ்வதும் வழக்கம்.

மூன்றாவது வகையே இன்று விரும்பப்படுவது. இதன் கருத்து கடலிலிருந்து வந்தது என்பது எம் மீனவருக்கு மகிழ்ச்சி தரும். நிக்கலஸ் மினோர்ஸ்கி என்பவர் கப்பலைத் தானாகத் திருப்பும் முறைபற்றி 1922இல் எழுதியபோது, சுக்கான் பிடிப்பவர் எப்படிச் செயற்படுகிறார் என்பதைக் கவனித்தே எழுதினார். தோணி வழி விலகினால் நாம் மூன்றைப் பார்க்கிறோம்: எவ்வளவு விலகியது, எவ்வளவு நேரமாக விலகி நிற்கிறது, எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது. மூன்றாவதைப் பாராதவன் மறுபக்கம் ஓடிவிடுவான். சூட்டுப் பெட்டியும் இவ்வாறே, இலக்கை நெருங்கும் வேகத்தைக் கண்டு முன்கூட்டியே பெலற்றைக் குறைக்கின்றது.

பழுது கண்டுபிடிக்க மல்ரிமீற்றர் ஒன்று போதும். முதலில் உணரி. பெரும்பாலானவை பிளாற்றினக் கம்பி உணரிகள். உறைநிலையில் 1000 ஓம் காட்டும் வகையைக் கொதிநீரில் வைத்தால் 1385 ஓம் காட்டவேண்டும். எமது ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் கொதிநீர் 100 பாகைதான். வேறு அளவுகோல் தேடவேண்டியதில்லை. அறைச் சூடு 30 பாகையானால் ஏறக்குறைய 1117 ஓம். மீற்றர் எதுவும் காட்டாவிடில் கம்பி அறுந்துவிட்டது. சில வகைகள் உறைநிலையில் 100 ஓம் மட்டுமே காட்டும்; ஒன்றுக்கு மற்றதை மாட்டினால் பெட்டி பொய் சொல்லும். அநேக வேளைகளில் உணரியில் குற்றமே இராது. அதன்மேல் படிந்த புகைக்கரியைத் துடைத்தாற் போதும். கரி சூட்டை மறைப்பதால் பெட்டி உண்மையைத் தாமதமாகவே அறிகின்றது.

அடுத்தது உப்புக்காற்று. இணைப்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து இறுக்குக. பெட்டியைத் திறக்குமுன் செருகியைக் கழற்றுக. உள்ளே பல்லி செத்துக் கிடப்பதும் எறும்பு கூடுகட்டுவதும் இங்கு சாதாரணம். காற்றுத் துளைகளுக்குக் கம்பிவலை ஒட்டிவிடலாம். மழைக்காலத்தில் அடுப்பைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் உடனே கோலை எறிந்துவிட வேண்டாம். கோலின் உட்காப்பு ஈரம் உறிஞ்சியிருக்கலாம். மெல்லிய சூட்டில் காயவைத்தபின் மீண்டும் சோதியுங்கள். பெலற்றும் ஈரத்தில் ஊதி உடைந்து தூளாகித் திருகை இறுக்கும். இறுகிய திருகின் மோட்டோரை மாற்றுவதற்கு முன் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்க. வேலை முடிந்த அன்றே எஞ்சிய பெலற்றை மூடியுள்ள வாளியில் இடுவது இதற்கெல்லாம் சிறந்த மருந்து.

மூளை முற்றாகக் கருகியிருந்தால் அதே கம்பனிப் பெட்டிக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் பொதுவான சூட்டுக் கட்டுப்படுத்தி ஒன்றைத் திருகு மோட்டோருக்கு மாட்டலாம். விசிறியைத் தொடர்ந்து ஓடவிடலாம். தீமூட்டிக் கோலுக்குக் கைச்சுவிட்ச் போதும். எமது குழுவின் அடுப்பு இவ்வாறே இன்று ஓடுகின்றது. வயரிங் செய்த தம்பி முதலில் இரு உலோகக் கம்பி கொண்ட ‘கே’ வகை உணரியைத் தலைமாறி இணைத்திருந்தார். அடுப்பு சூடேறச் சூடேற எண் இறங்கியது! இவ்வுணரியின் கம்பியைச் சாதாரண செப்புக் கம்பியால் நீட்டுவதும் பிழையான எண்ணையே தரும். சுழற்சி நேரத்தை ஒன்று இரண்டு விநாடியாக விடாமல் இருபது முப்பது விநாடியாக வைத்தால் ரிலேயும் மோட்டோரும் பிழைக்கும்.

ஒரு காரியத்தில் சிக்கனம் கூடாது. அசையும் பாகமில்லாத எலெக்ரோனிக் ரிலே கெடும்போது பெரும்பாலும் ‘போட்டபடியே’ கெடும். அப்போது திருகு நிற்காது, தீ வளர்ந்துகொண்டே போகும். எனவே, தனியான சூட்டுத் துண்டிப்பி ஒன்றைத் திருகு மோட்டோரின் வழியில் இணைத்தல் அவசியம். மறுபுறம், தீ அணைந்தபின்னும் பெலற் விழுந்துகொண்டிருந்தால் கிண்ணம் நிரம்பிவிடும். அதை அள்ளாமல் மீண்டும் மூட்டினால் வாயு சேர்ந்து மூடியைத் தூக்கி எறியும். மின்சாரம் நின்றால் தீ திருகு வழியே பெட்டிக்குத் திரும்பவும் கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அடுப்பை வீட்டுக் கிடுகுச் சுவரோடு வைக்காமல் வெளியில் வைப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவும் சரியான பின்னரும் முதல் தொகுதி மணலையை எறியவேண்டி வந்தது. பெட்டி 80 பாகை என்றது. குழுவின் மூத்த அம்மா மீனைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “சுவாமி, பெட்டி வெந்திட்டு எண்டுது, மீன் இன்னும் பச்சை எண்டுது. நான் ஆரை நம்புற?” என்றார். மீனையே நம்பவேண்டும். பெட்டி அளப்பது அறையின் காற்றை. மீனின் நடுச்சதையை அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல் சூட்டுப் புகைமீனின் நடுச்சதை குறைந்தது 63 பாகையில் 30 நிமிடம் நிற்கவேண்டும் என்கின்றது. தடித்த மீனில் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி இதற்கு இன்றியமையாதது. அமெரிக்க இயந்திரம் பரனைற்றில் காட்டுவதையும் கவனிக்க. அதன் 180 என்பது எமது 82 பாகை. இவ்வடுப்புகள் அதற்குக் கீழே இலகுவில் இறங்கா. ஆதலால் உப்பிட்ட மீனை முதலில் நிழலில் காற்றாட விட்டு மேற்பரப்பை உலரவைத்தே உள்ளே வைக்கவேண்டும். இல்லையேல் தோல் இறுகி உள்ளீரம் வெளியேறாது.

புகைபட்டதால் மீன் கெடாது என்பதும் தவறான நம்பிக்கை. ஈரமுள்ள புகைமீனைக் காற்றுப்புகாத பொலித்தீனில் அடைத்து வெளியே வைத்தால் பொட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம். ஐஸில் வைத்து விற்கவேண்டும், அல்லது மாசிபோல நன்றாக உலர்த்தவேண்டும். சூரை, சாளை, கீரி போன்றவற்றை வெயிலில் கிடந்தபின் புகைகாட்டுவதும் வீண். அவற்றில் உண்டாகும் ஹிஸ்ரமின் எந்தச் சூட்டுக்கும் அழியாது. மீனெண்ணெய் தீயில் சொட்டிக் கரும்புகை எழுந்தால் புற்றுநோய்க்குக் காரணமான பொருட்கள் மீனில் படியும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புகைமீனில் பென்சோபைரீனின் அளவைக் கிலோகிராமுக்கு 2 மைக்கிரோகிராமாக மட்டுப்படுத்தியுள்ளது. சொட்டுத்தட்டு ஓட்டையாகாதிருக்கட்டும். வர்ணம் பூசிய மரம், மருந்திட்ட மரம் ஆகியவற்றின் தூளைப் பெலற்றுக்கோ அடுப்புக்கோ சேர்க்கலாகாது. கண்டல் மரத்தையும் தொடவேண்டாம். அதன் வேரிலேதான் எமது இறால் வளர்கின்றது.

அப்படியானால் ஒவ்வொரு குழுவும் இவ்வியந்திரத்தை வாங்கலாமா எனக் கேட்கிறார்கள். எமது கருத்து, வேண்டாம் என்பதே. இலவசமாக வந்தால் திருத்திப் பயன்படுத்துங்கள், கடன்பட்டு வாங்கவேண்டாம். பெலற்றும் உதிரிப்பாகமும் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. செங்கல்லால் கட்டிய, காற்றடைப்பான் உள்ள சாதாரண அடுப்புக்கு ஒரு நல்ல வெப்பமானியும் ஓர் ஊசி வெப்பமானியும் சேர்த்தால், பெட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். முன்சொன்ன குழுவினர் இப்போது இரண்டையும் வைத்திருக்கின்றனர். அரைமணிக்கொரு தடவை அறைச் சூடு, மீன் சூடு, போட்ட பெலற் ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதுகின்றனர். ஒக்டோபரில் மழைக்கு முன்னர் மீனில்லாமல் அடுப்பை நான்கு மணிநேரம் ஓட்டிப் பார்த்து, உணரியைக் கொதிநீரில் சோதித்த பிறகே கடனுக்கு விண்ணப்பிக்கின்றனர்.