நெடுந்தூரம் – 7: அடக்கி வைத்த வேகம்

2018 செப்டம்பர் 16. பெர்லின் மாரத்தானில் 25 கிலோமீட்டரைத் தாண்டியபோது எலியுட் கிப்சோகேவுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வேகம் குறையாமல் இழுத்துச் செல்வதற்காகவே கூட ஓடிய மூவரில் இருவர், 15 கிலோமீட்டர் வாக்கிலேயே ஒதுங்கிவிட்டார்கள். மூன்றாமவர் 25-ல் நின்றுவிட்டார். மீதி 17 கிலோமீட்டரையும் அந்தக் கென்யர் தனியாகவே ஓடினார். 2 மணி 1 நிமிடம் 39 விநாடி. பழைய உலக சாதனையைவிட 78 விநாடி குறைவு.

எனக்கு அந்த 78 விநாடியைவிட இன்னொரு கணக்குதான் பெரிதாகப் படுகிறது. முதல் பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 61 நிமிடம் 6 விநாடி. இரண்டாம் பாதிக்கு 60 நிமிடம் 33 விநாடி. துணைக்கு ஆள் இருந்தபோது ஓடியதைவிட, பெரும்பாலும் ஆளில்லாமல், களைத்த கால்களோடு வேகமாக ஓடியிருக்கிறார்.

மாரத்தான் ஓடியவர்களுக்கு 30-வது கிலோமீட்டரின் கொடுமை தெரியும். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தீரத் தொடங்குகிறது. கொழுப்பு நிறையவே இருக்கும். ஆனால், அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் கிடைக்கும். ஆரம்பத்தில் எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் மாவுச்சத்து காலியாகும். முதல் 5 கிலோமீட்டரில் உடம்பு லேசாக இருக்கிறதே என்று பாய்ந்தவர், அதற்கான வட்டியைக் கடைசி 10 கிலோமீட்டரில் கட்டுவார்.

அலுவலகங்களில் இது அப்படியே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர், முதல் வருடம் மூன்று பேர் வேலையைச் செய்தார். பாராட்டு கிடைத்தது, கூடவே நான்காவது ஆளின் வேலையும் வந்தது. மூன்றாம் வருடம் புதிய மென்பொருள் ஒன்றைக் கற்கச் சொன்னார்கள். கற்கும் ஆசையே அவருக்குள் வற்றிப்போயிருந்தது. எங்களில் அவர்தான் கெட்டிக்காரர். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கிப்சோகேவின் வாழ்க்கையும் ஒரே மூச்சில் ஏறியதல்ல. 2003-ல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப் 5,000 மீட்டரில் எல் குரூஜ், பெக்கெலே என்ற பெரும் ஓட்டக்காரர்கள் இருவரையும் முந்தித் தங்கம் வென்றபோது அவருக்கு 18 வயது. அடுத்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், பெய்ஜிங்கில் வெள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. அதோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அவர் தூரத்தை மாற்றிக்கொண்டார். 2013-ல் ஹாம்பர்க்கில் தன் முதல் மாரத்தானை ஓடி வென்றார். ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம்; இரண்டாவதை வென்றபோது வயது 36.

இதற்குப் பின்னால் இருப்பது கப்டகாட் பயிற்சி முகாமின் அன்றாடம். பயிற்சியாளர் பேட்ரிக் சாங்கிடம் அவர் பதின்ம வயதிலிருந்தே இருக்கிறார். போட்டியில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 53 விநாடியில் ஓடிய மனிதர், வாரத்தின் பெரும்பகுதி அதைவிட எவ்வளவோ மெதுவாகத்தான் ஓடுகிறார். கடுமையான பயிற்சி வாரத்தில் மூன்று நாள் மட்டும்தான். அன்றன்று ஓடியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார். முறை வந்தால் முகாமின் கழிவறையையும் கழுவுகிறார். மெதுவாக ஓடுவதை அங்கே யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை, அதுவும் பயிற்சிதான்.

மாறான உதாரணமும் அவரிடமே உண்டு. 2022-ல் அதே பெர்லினில் முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் ஓடினார். அதே வேகம் நீடித்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். இரண்டாம் பாதிக்கு 87 விநாடி கூடுதலாகியது. 2 மணி 1 நிமிடம் 9 விநாடி என்ற புதிய உலக சாதனை கிடைத்தது உண்மை. ஆனாலும், முன்பாதியில் பாய்ந்ததற்குக் கிப்சோகேவே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே, குழுக்களை நடத்தும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த பிள்ளை இரவு பத்து மணிக்கும் இருக்கையில் இருந்தால் அதைக் கூட்டத்தில் புகழாதீர்கள். பக்கத்தில் போய், ‘கிளம்புப்பா, மீதியை நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)