மாட்டுக்கு ஊசி... கழுகுக்குச் சங்கு!

சின்ன வயசில் அம்மா என்னைத் திருக்கழுக்குன்றம் கூட்டிப் போனாள். அத்தனை படியும் ஏறிக் காத்திருந்தோம். கழுகு வரவில்லை. "என் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வந்துச்சுடா, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுப் போச்சு" என்றாள். நான் அழுதேன். கழுகுக்காக இல்லை, கால்வலி.

அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். நான் சொல்ல வந்தது அவற்றின் பங்காளியான வெண்முதுகுப் பாறுவின் கதை. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவில் நூற்றுக்கு 99.9 பங்கு காலி! பி.காம். பாஷையில் சொன்னால், ஆயிரம் ரூபாய் போட்ட கணக்கில் ஒரு ரூபாய் பாக்கி.

பணத்தை எடுத்தது யார்? டைக்ளோஃபினாக். நம்ம மூட்டுவலிக்கு எழுதித் தருகிற அதே சரக்கு. மாட்டுக்கும் போட்டார்கள். மாடு பிழைத்தால் வம்பில்லை, சில நாளில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்தால்தான் வினை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து அப்படியே தங்கியிருக்கும். பாறுகளோ பந்திக்குக் கூட்டமாக இறங்குகிற ஜாதி. தின்றதும் சிறுநீரகம் பழுது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறி, உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்துவிடும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரே முட்டையிடும் பறவை எப்படி ஈடுகட்டும், சொல்லுங்கள்!

2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. 2006-ல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? மனுஷனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். அதனால் 2015-ல் பாட்டிலையே 3 மில்லி ஆக்கினார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் கால்நடை உபயோகத்தில் தடை.

நம்ம பக்கம் நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில், நீர்மருத மரங்களில் கொஞ்சம் கூடுகள் மிச்சம்.

போன மாசம் மாமா வீட்டுப் பசுவுக்குக் கால் வீக்கம். "மெடிக்கல்ல நமக்குத் தர்ற ஊசியே போதும்டா" என்றார். நான் கழுகுப் புராணம் முழுக்கப் பாடி, "மெலோக்சிகாம் போடச் சொல்லுங்க மாமா, அது பாறுகளுக்கு ஆபத்தில்லை" என்றேன்.

மாமா முறைத்தார். "ஏண்டா, என் லட்சுமி சாகப்போறாங்கிறியா?"

அதற்கப்புறம் எனக்குக் காபி வரவில்லை. ஆனால் டாக்டர் வந்தார். மெலோக்சிகாம்தான் போட்டார்.