கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஆய்வுக்காகச் செல்லும் முன்...

நம் பிள்ளைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் இப்போது ஓரளவு பெருகியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஊர் வரலாறு, பாட்டனார் எழுதிய நூல், நின்றுபோன சமுதாயப் பத்திரிகை என்று தலைப்பு எடுத்ததும், "கொல்கத்தா நேஷனல் லைப்ரரியில் எல்லாம் இருக்கும், போய்ப் பாருங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் இருக்காது. ஒரு நாளுக்கும் மேலாக ரயிலில் போய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அலிப்பூரில் பெல்வெடேர் வளாகத்தில் இருக்கிறது இந்நூலகம். 1903-இல் கர்சன் பிரபு திறந்த இம்பீரியல் நூலகம்தான் 1948-இல் தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. 1953 பிப்ரவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்து வைத்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அரபு, பார்சி படித்தவர்கள் இங்குள்ள புஹார் தொகுப்பை அவசியம் பார்க்க வேண்டும். பர்துவான் மாவட்டத்துப் புஹார் கிராமத்தில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்து வந்த கையெழுத்துப் பிரதிகளை, மௌலவி சத்ருத்தீன் அஹ்மத் 1904-இல் கொடுத்தார். நம் வீடுகளில் கரையான் தின்ற கிதாபுகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

தமிழ் நூல்களுக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை வெளியீட்டாளர் இந்நூலகத்துக்குத் தம் செலவில் அனுப்ப வேண்டும். ஆகவே 1954-க்குப் பின் வந்த நூல் என்றால் தேடிப் போவதில் அர்த்தமுண்டு. அதற்கு முந்தியது என்றால் முதலில் சென்னை கன்னிமாரா நூலகத்தையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் சேர்த்த தமிழ் நூல்களின் பட்டியலை பார்னெட்டும் போப்பும் 1909-இல் வெளியிட்டார்கள், அதையும் புரட்டுங்கள். இருந்தாலும், பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்கள் கொல்கத்தாவில்தான் இருக்கின்றன. பழைய தமிழ் நூல் தேடுவோர் அதை விட்டுவிடக் கூடாது.

பட்டியலில் தேடும்போது நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெயர்தான். முகம்மது, முஹம்மத், முகமது மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். காசிம், காஸிம், செய்கு, ஷெய்க் எல்லாம் அப்படியே. லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், புலவர் என்ற ஒட்டுப்பெயரின் கீழும் தேட வேண்டும். அரபுத் தமிழ் நூலைத் தமிழிலும் பாருங்கள், அரபியிலும் பாருங்கள். அட்டையில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 1320 என்பது 1902-03. இதையெல்லாம் வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அங்கே பாதி நாள் மிச்சம்.

அடையாள அட்டையும், கல்லூரியிலிருந்து வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதமும் கையில் இருக்கட்டும். வாசகர் சீட்டு பெற்ற பிறகே நூல் கேட்க முடியும். அலமாரிக்குள் நாமே போய் எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. படிவத்தில் நூல் எண் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பழைய நூல்களுக்குப் பேனா வேண்டாம், பென்சில் போதும். நகல் எடுக்க, படம் பிடிக்க அனுமதி கேட்டே செய்யுங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்து தேடிய நூல் இல்லையென்றால், பெரும்பாலும் குற்றம் நூலகத்துடையதல்ல. நாம் அனுப்பவில்லை. மதரஸா வெள்ளிவிழா மலர், ஊர் வரலாறு, ஆலிம்களின் சரிதை என எத்தனையோ அச்சிட்டு மண்டபத்தில் விநியோகித்ததோடு சரி. வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தாவுக்கு ஒன்று, கன்னிமாராவுக்கு ஒன்று. சட்டம் சொல்லும் மற்ற இரண்டு நூலகங்கள் மும்பையிலும் டெல்லியிலும் உள்ளன. நான்கு பிரதிகள், தபால் செலவு, அவ்வளவுதான்.