பழைய காமிராவுக்குப் புது வர்ணம்!

போகிப் பண்டிகைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. சேலையூர் ஏரிப் பக்கம் ஒரு வீட்டில் பரணை ஒழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டைக் கூடை, கிழிந்த பாய், உடைந்த முறம் எல்லாம் வாசலில் குவிகின்றன. பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு தோல் பை கிடைக்கிறது. பைக்குள் ஒரு காமிரா!

"இது என்ன பாட்டி?" என்று பேரன் கேட்கிறான்.

"அடடே, இது உங்க தாத்தா காமிராடா! உங்க அப்பாவுக்கு மொட்டை போட்டபோது இதிலேதான் படம் எடுத்தார்" என்கிறார் பாட்டி.

கறுப்பாக இருந்த காமிரா சாம்பல் நிறமாகிவிட்டது. மேலெல்லாம் கீறல். அடியில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள். அவை தாத்தாவின் பெயரின் முதல் எழுத்துகள்.

"அப்பா, இதற்குப் பெயிண்டு அடித்தால் புதுசு போல ஆகிவிடும்" என்கிறான் பையன்.

அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. கதவுக்குப் பெயிண்டு அடித்தபோது மிஞ்சிய தின்னர் பாட்டில் அலமாரியில் இருக்கிறது. பழந்துணியைத் தின்னரில் நனைக்கிறார். காமிராவைத் துடைக்கப் போகிறார்.

நிறுத்துங்கள்!

அந்த ஒரே துடைப்பில் காமிரா பாழாகிவிடலாம். போகி நெருப்பிலிருந்து தப்பிய பொருள், தின்னரில் கரைந்து போகலாம்.

என்ன பிளாஸ்டிக்?

பழைய காமிராக்கள் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. சில தகரம். சில பேக்கலைட். சில சாதாரண பிளாஸ்டிக். பார்வைக்கு எல்லாம் கறுப்புத்தான். ஆனால் குணம் வேறு வேறு. வர்ணம் பூச நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

ஒரு காந்தத்தைக் காமிராவின் மேல் வைத்துப் பாருங்கள். பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் தகரம். ஒட்டாவிட்டால் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். பேக்கலைட் கெட்டியானது. சற்று கனமாக இருக்கும். பீங்கான் போலக் குளிர்ச்சியாக இருக்கும். கட்டை விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கார்பாலிக் நெடி லேசாக வரும். சாதாரண பிளாஸ்டிக் இலேசானது. "டொக் டொக்" என்று வெற்று டப்பா போலச் சத்தம் கேட்கும்.

இந்தச் சாதாரண பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பாலிஸ்டைரீன் வகை அல்லது ஏ.பி.எஸ். வகை. இரண்டுக்கும் தின்னர் பரம விரோதி. நகப்பூச்சை அழிக்கும் திரவமும் அப்படித்தான். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பட்ட இடம் பிசுபிசுவென்று இளகும். விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். பிறகு உலர்ந்தாலும் அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பாது. நகப்பூச்சையே எடுத்துக் கீறலில் தடவும் பெண்களும் உண்டு. அதுவும் கூடாது.

காகிதம் விற்றவர் கண்டுபிடித்தது!

பேக்கலைட்டுக்கும் போட்டோவுக்கும் பழைய சொந்தம் உண்டு. லியோ பேக்லாண்ட் என்பவர் பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறினார். போட்டோ அச்சுப் போடும் 'வெலாக்ஸ்' என்ற காகிதத்தைத் தயாரித்தார். 1899-ம் ஆண்டு அந்தத் தொழிலைக் கோடாக் கம்பெனி முதலாளி ஜார்ஜ் ஈஸ்ட்மனுக்கு விற்றார். கையில் பெரும் பணம் வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். 1907-ல் பேக்கலைட்டை உருவாக்கினார்.

ஈஸ்ட்மனின் கம்பெனி 1900-ல் ஒரு டாலர் விலைக்கு 'பிரௌனி' என்ற காமிராவை விற்றது. அது அட்டைப் பெட்டி! 1934-ல் 'பேபி பிரௌனி' வந்தது. அதுவும் ஒரு டாலர்தான். ஆனால் அட்டை அல்ல, பேக்கலைட்! காகிதம் விற்றவர் கண்டுபிடித்த பொருள், காகிதம் வாங்கியவரின் கம்பெனிக் காமிராவுக்கே உடம்பாக வந்து சேர்ந்தது.

பிறகு பேக்கலைட்டை விட இலேசான பிளாஸ்டிக்குகள் வந்தன. 1957-ல் கோடாக் வெளியிட்ட 'ஸ்டார்பிளாஷ்' காமிரா சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில்கூடக் கிடைத்தது. ஆகவே காமிரா என்றால் கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. பையன் நீலம் பூச விரும்பினால் யாரும் சிரிக்க வேண்டாம்!

நம் நாட்டிலும் 'அக்பா கிளிக்-3' என்ற காமிரா தயாராகி விற்பனை ஆனது. 1980-களில் 'ஹாட் ஷாட்' என்ற பிளாஸ்டிக் காமிரா நடுத்தரக் குடும்பங்களில் புகுந்தது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' பிலிமைக் கொடுத்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் காமிராக்கள் இன்னும் பரண்களில் தூங்குகின்றன.

உள்ளே பிலிம் இருக்கிறதா?

காமிரா கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பின்கதவைத் திறப்பது. அதைச் செய்யவே கூடாது.

பெட்டிக் காமிராவின் முதுகில் சின்னஞ்சிறு சிவப்புக் கண்ணாடி இருக்கும். அதை உற்றுப் பாருங்கள். எண் ஏதாவது தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது என்று அர்த்தம். '9' என்று தெரிகிறதா? தாத்தா எட்டுப் படமாவது எடுத்திருக்கிறார்! இன்றுவரை அதை யாரும் கழுவவில்லை!

அப்படியானால் திருகை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். எண்கள் மாறும். கடைசியில் காகிதமும் முடிந்து திருகு தளர்ந்துவிடும். பிறகு இருட்டறையில் திறந்து, சுருளை இறுக்கிப் பிடித்து ஒட்டுத்தாள் சுற்ற வேண்டும். வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு, பிலிம் கழுவும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய பிலிம் என்பதைச் சொல்லி அனுப்புவது முக்கியம். பத்து இருபது ஆண்டுகள் கிடந்த கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் படம் கிடைத்தது உண்டு. கலர் பிலிம் அவ்வளவு தாங்காது.

35 மில்லிமீட்டர் காமிரா என்றால் முறை வேறு. பிலிமைத் திரும்பச் சுற்றி அதன் டப்பிக்குள் அடைத்த பிறகே திறக்க வேண்டும்.

முதலில் மெருகு, பிறகு வர்ணம்

பேக்கலைட் காமிரா வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது வெளுத்திருப்பது மேல்தோல் மட்டுமே. பித்தளைக்குப் போடும் பிராசோவைத் துணியில் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். பல காமிராக்கள் இதிலேயே பளபளவென்று ஆகிவிடும். பெயிண்டுச் செலவே மிச்சம்! பழம்பொருள் சேகரிப்பவர்களும் வர்ணம் பூசாத காமிராவுக்குத்தான் நல்ல விலை கொடுப்பார்கள்.

கீறல் ஆழமாக இருந்தாலோ, முன்பே யாரோ கண்டபடி பூசிக் கெடுத்திருந்தாலோ, வர்ணம் பூசுவதுதான் வழி.

முதல் வேலை பிரிப்பது. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வையுங்கள். லென்சைக் கழற்றினால் எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் படம் கெட்டுவிடும். ஷட்டரின் சின்னச் சுருள் வில்லைத் தொட வேண்டாம். அதற்கு எண்ணெயும் விட வேண்டாம். தெறித்து ஓடிய வில்லைக் கட்டில் அடியில் தேடுவது லேசான காரியம் அல்ல!

பிரித்த உடம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வெந்நீர் வேண்டாம். வெயிலிலும் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நிழலில் உலரட்டும்.

அடுத்து வாட்டர் பேப்பர். 400 எண்ணில் தொடங்கி 800 எண்ணில் முடிக்கலாம். தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். பேக்கலைட்டில் மரத்தூள் கலந்திருக்கும். சிலவற்றில் கல்நார்கூட உண்டு. அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது. தேய்ப்பதன் நோக்கம் தோலை உரிப்பது அல்ல. பளபளப்பு போய் மங்கலானால் போதும். வர்ணம் அப்போதுதான் பிடிக்கும்.

பூசக்கூடாத இடங்கள்

காமிரா என்பது ஓர் இருட்டுப் பெட்டி. பின்கதவு உடம்போடு பொருந்தும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஓடும். வெளிச்சம் நுழையாமல் தடுப்பது அந்தப் பள்ளம்தான். அங்கே பெயிண்டு படிந்தால் கதவு சரியாக மூடாது. வெளிச்சம் புகும். பிலிம் முழுவதும் பாழ்!

ஆகவே பள்ளம், உட்பக்கம், சிவப்புக் கண்ணாடி, பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். உட்பக்கம் மங்கலான கறுப்பாகவே இருக்கட்டும். அங்கே பளபளப்பான வர்ணம் பட்டால் வெளிச்சம் எதிரொலித்துப் படம் வெளுத்துவிடும்.

நம் வீட்டில் இன்னோர் இடமும் உண்டு. காமிராவின் அடியில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துகள்! அதன் மேல் ஒரு சதுரம் டேப் ஒட்டச் சொல்லிவிட்டார் பாட்டி.

தை மாதமே நல்லது

சேலையூரில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே பெயிண்டு அடித்தால் வர்ணம் பூஞ்சை பிடித்தது போல வெளுத்துப் போகலாம். காரணம் எளிது. பெயிண்டில் உள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழைக்காலக் காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. தை, மாசி மாதங்கள் நல்லவை. அப்போதும் பனி விலகிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடிப்பது நல்லது. மாலையில் வேண்டவே வேண்டாம். ஏரிக்கரைக் கொசுக்கள் ஈர வர்ணத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். கொசுவை எடுத்தால் கால் மட்டும் காமிராவிலேயே தங்கிவிடும்!

கேம்ப் ரோடு பக்கம் போனால் ஹார்டுவேர் கடைகளில் ஸ்பிரே டப்பா கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பிரைமரும் ஒரு டப்பா வேண்டும். வாங்கியதும் காமிராவின் முகத்தில் அடித்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சிறிது அடித்து ஒரு நாள் பொறுங்கள். பிளாஸ்டிக் இளகினால் அந்த டப்பா கதவுக்குத்தான் ஆகும். ஸ்பிரேயைக் கண்டு பயப்படுகிறவர்கள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணத்தைத் தூரிகையால் பூசலாம். பிளாஸ்டிக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. தூரிகைத் தடம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் ஓர் அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் காமிரா உடம்பை நிறுத்துங்கள். மூக்கில் முகமூடி அணியுங்கள். அருகில் அடுப்போ, விளக்கோ, பீடியோ இருக்கக் கூடாது. ஸ்பிரே தீப்பிடிக்கும் பொருள்! ஓர் அடி தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல், மெல்லிதாக அடிக்க வேண்டும். முதல் பூச்சில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். அவசரப்பட்டு அதிகமாக அடித்தால் வர்ணம் கண்ணீர் போல வழியும். பதினைந்து நிமிடம் பொறுத்து அடுத்த பூச்சு. இப்படி மூன்று நான்கு பூச்சு.

அரை மணியில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே காயவில்லை. ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது. பையனுக்கு இந்த ஒரு வாரம்தான் பெரிய தண்டனை!

கம்பெனிப் பெயர் பள்ளமாகப் பொறித்திருந்தால், வெள்ளை அக்ரிலிக்கைப் பல் குத்தும் குச்சியால் நிரப்பி, மேலே வழிந்ததை உடனே ஈரத் துணியால் துடைத்துவிடலாம். எழுத்து பளிச்சென்று தெரியும்.

டார்ச் சோதனை

பூட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டார்ச்சை எரியவிட்டுக் காமிராவுக்குள் வைத்து மூடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நாலாபுறமும் பாருங்கள். சிவப்புக் கண்ணாடி மட்டும் சிவந்து தெரியலாம். வேறு எங்காவது வெளிச்சக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிக் கதவைச் சரியாகப் பொருத்த வேண்டும்.

'120' எண் பிலிம் இன்றும் தயாராகிறது. சதுரப் படம் எடுக்கும் பெட்டிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெயிலில்தான் எடுக்க வேண்டும். எட்டு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். கை ஆடக் கூடாது.

வாசல் வேப்பமரத்தடியில் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் திருகைச் சுற்றுகிறான். சிவப்புக் கண்ணாடியில் '1' வருகிறது.

"பாட்டி, அசையாமல் இருங்கள்!"

"உங்க தாத்தாவும் இப்படித்தான் அதட்டுவார்" என்கிறார் பாட்டி.

கிளிக்!

அந்தப் பழைய சுருளைக் கழுவப் போட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.