சூழற்கொடையும் வறியோர் பங்கும்

உயிர்களும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியனவும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் கட்டமைப்பே சூழலமைவு. அவ்வியக்கத்தால் மாந்தர் எய்தும் நலன்களைச் சூழற்கொடை எனலாம். மீனும் விறகும் வழங்குகொடை. வெள்ளத்தைத் தணித்தல் ஒழுங்குறுத்துகொடை. உளக்களிப்புத் தருவன பண்பாட்டுக்கொடை. மண்ணாக்கம் முதலியன இவையனைத்தையும் சுமக்கும் தாங்குகொடை. ஒன்றிய நாடுகள் அவையின் அழைப்பால் 2001இல் தொடங்கி 2005இல் நிறைவுற்ற ஆயிரத்தாண்டுச் சூழலமைவு மதிப்பீடே இப்பகுப்பை உலகெங்கும் பரப்பியது. அது ஆராய்ந்த 24 கொடைகளுள் 15 சீர்கெட்டோ தாங்குமளவை மீறித் துய்க்கப்பட்டோ வந்தன.

கொடை பெருகினால் வறுமை குறையுமா என்னும் வினாவைப் பிரித்தானிய அரசும் அதன் ஆய்வுக் குழுமங்களும் பொருளுதவி நல்கி 2018 வரை நடத்திய ‘வறுமை தணிக்கும் சூழற்கொடைகள்’ என்னும் பன்னாட்டு ஆய்வுத்திட்டம் எடுத்துக்கொண்டது. அதன் ஆய்வுகளுள் நான் முதலிடம் தருவது கென்யாவின் மொம்பாசாவை அடுத்த நியாலிக் கடற்கரையில் நிகழ்ந்ததற்கே. நம் நெய்தல் நிலத்தார்க்கும் பழகிய கரைவலைதான் அங்கும். வலைத்தலைவர், வலையிழுப்போர், பிற மீனவர், மீன் விற்கும் ஆடவர், மீன் விற்கும் மகளிர் என ஐந்து பிரிவினர் பெறுவது தனித்தனியே அளக்கப்பட்டது. மீன்பிடியைக் குறைத்தால் கடல்வளம் தழைக்கும், மீன் பருக்கும், மொத்த ஈட்டமும் மிகும் என்றது ஆய்வாளர் அமைத்த கணிப்புரு. கணக்கு அங்கேயே நின்றிருந்தால் யாவர்க்கும் நன்மை என்று எழுதி முடித்திருப்பர். ஆனால், கரைவலை வாரிவந்த பொடிமீனை மலிவாக வாங்கிப் பொரித்து விற்ற மகளிர்க்கு அம்மாற்றம் இழப்பையே தருமென்பது, பிரித்துப் பார்த்தபோதுதான் புலனாயிற்று. கூட்டுத்தொகை மறைத்ததைப் பகுப்பு காட்டியது.

அதே கென்யாவின் தென்கரையில், காசி விரிகுடாவை அடுத்த ஊரார் 2013 முதல் ‘மிக்கோகோ பமோசா’ என்னும் திட்டத்தால் 117 எக்டேர் அலையாத்திக் காட்டைப் பேணி வருகின்றனர். அக்காட்டின் நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி அரிதாதலின் மட்கு எளிதில் சிதைவதில்லை. கரிமம் நெடுங்காலம் மண்ணிலேயே தங்குகிறது. அங்ஙனம் தங்கும் கரிமத்தைக் கரிம வரவாகக் (carbon credit) கணக்கிட்டு விற்ற பணம் ஊர்க் குடிநீர்க்கும் பள்ளிக்கும் செல்கிறது. அப்பணத்தினும் அவர்கள் நட்ட சவுக்குத் தோப்பையே நான் உயர்வாக மதிப்பேன்: காட்டை வெட்டலாகாது என்று விதிக்குமுன், அடுப்புக்கு விறகும் வீட்டுக்குக் கழியும் வேறெங்கே கிடைக்கும் என்று அங்கே யாரோ எண்ணிப் பார்த்திருக்கின்றனர்.