காற்றாலை உச்சியில் கால் இடறினால்...

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் சென்றவர்கள் முப்பந்தலை மறந்திருக்க மாட்டார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று அங்கு நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சன்னலோரம் அமர்ந்து பார்க்கும் நமக்கு அவை குழந்தைகளின் காற்றாடிகளைப் போலத் தோன்றும். அவற்றுள் ஒன்று பழுதானால், அதைச் சரிசெய்ய ஒருவர் உச்சிவரை ஏறியாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

80 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே செங்குத்தான ஏணி ஒன்று உண்டு. படிக்குப் படி 30 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 270 படிகள். (புதிய கோபுரங்கள் பலவற்றில் சிறிய மின்தூக்கி உண்டு, ஆனால் அது பழுதானாலும் ஏணிதான் கதி.) கை சோர்ந்து பிடி நழுவினால், முதல் 2 மீட்டரைக் கடக்க 0.64 நொடி போதும். அப்போது உடலின் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். விழும்போது எதையாவது எட்டிப் பற்றிக்கொள்ளலாம் என்பது வெறும் நினைப்புத்தான்.

"உறுதியான கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டால் போயிற்று" என்று நீங்கள் சொல்லலாம். கிணற்றில் வாளி நழுவி விழும்போது கயிற்றைச் சட்டென்று பிடித்திருக்கிறீர்களா? வாளி நின்றுவிடும், ஆனால் தோள்பட்டை வெட்டி இழுக்கும். கயிறு அறாமல் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

கணக்கிட்டே பார்ப்போம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுகிறார். கயிறு அவரை 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்திவிட்டால், உடல் மீது சராசரியாக அவருடைய எடையைப் போல் 21 மடங்கு விசை, அதாவது 1,680 கிலோ எடைக்கு நிகரான விசை தாக்கும். அதே வீழ்ச்சியை 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் விசை 3 மடங்குதான். 240 கிலோ எடைக்குச் சமம். விழுந்த உயரம் ஒன்றே. நிறுத்திய தூரம் மட்டுமே வேறு. ஆனால் உயிர் பிழைப்பது அந்தத் தூரத்தைப் பொறுத்தது!

இதற்காகவே கயிற்றோடு சிறிய பொட்டலம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். அதனுள் மடித்துத் தைத்த நாடா இருக்கும். ஆள் விழுந்தவுடன் தையல் பரபரவென்று பிரிந்து, விழும் ஆற்றலை விழுங்கிக்கொள்ளும். இதில் உடல் மீது தாக்கும் உச்ச விசை 6,000 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர அளவு.

அந்த விசையும் உடலில் சரியான இடங்களில் பரவவேண்டும். முன்பெல்லாம் இடுப்புப் பட்டை ஒன்றையே நம்பினார்கள். விழுந்தால் அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். அமெரிக்காவில் 1998 முதல், விழுபவரைத் தாங்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. இப்போது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் முழு உடல் பட்டை அணிகிறார்கள். தொழிலாளர் இதனை 'ஹார்னஸ்' என்பர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். 2 மீட்டர் கயிறு, பிரியும் நாடா ஒன்றே முக்கால் மீட்டர், தொங்குபவரின் உடல் நீளம், சிறிது இடைவெளி எல்லாவற்றையும் கூட்டினால் 6 மீட்டருக்கு மேல் ஆகிறது. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் நிற்பவரை இந்தக் கயிறு காப்பாற்றாது. அது முழுவதும் விரிவதற்குள் அவர் தரையில் இருப்பார்! அங்கே வேறு வழிதான் வேண்டும்.

ஏணியில் ஏறுபவருக்கு இவ்வளவு நீளக் கயிறு கிடையாது. ஏணியோடு ஓடும் எஃகு வடத்தில் ஒரு பிடிகருவி இருக்கும்; ஹார்னஸின் மார்பு வளையத்தைச் சிறு இணைப்பால் அதனுடன் மாட்டிக்கொள்கிறார். ஏறும்போது வழுக்கிச் செல்லும் அக்கருவி, திடீரெனக் கீழே இழுபட்டால் வடத்தைக் கவ்விக்கொள்ளும். கார் இருக்கைப் பட்டையை வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடுகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோலத்தான்.

உச்சியிலுள்ள இயந்திர அறையின் கூரைமீது வேலை செய்பவருக்கு இரட்டைக் கொக்கி. ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றுவார். இதைவிட நல்லது, விளிம்பையே எட்டாத அளவுக்குக் குட்டையான கயிறு. முளைக்குச்சியில் கட்டிய ஆடு பக்கத்து வயலை எட்டுவதில்லை அல்லவா? விழவே விடாத கயிறு, விழுந்தபின் தாங்கும் கயிற்றைக் காட்டிலும் மேலானது என்பேன். ஆனால் காற்று மிகுந்த மாதங்களில், நின்றுபோன ஆலை ஒவ்வொரு மணி நேரமும் இழப்புத்தான். "ஒரு நிமிட வேலைதானே" என்று கொக்கியை மாட்டாமல் விடும் ஆசை அப்போதுதான் தலைதூக்கும்.

கயிறு தாங்கிவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கும். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி அதை மேலே தள்ளும். தொங்கும் கால்களுக்கு அந்த வேலை இல்லை. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால்தான் ஹார்னஸில் கால் ஊன்றிக்கொள்ளச் சிறு வளையங்கள் வைக்கிறார்கள். இருவருக்குக் குறையாமல் மேலே ஏறுகிறார்கள். தோழரைக் கீழே இறக்கும் கருவியையும் உடன் கொண்டு செல்கிறார்கள்.

ஒருமுறை ஒருவரைத் தாங்கிய கயிற்றையும் ஹார்னஸையும் மறுபடி பயன்படுத்துவதில்லை. பார்வைக்குப் புதியதாக இருந்தாலும் உள்ளே இழைகள் நைந்திருக்கக்கூடும். வேறு யாரும் தவறிப்போய் எடுத்து அணிந்துவிடாதபடி, அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகே குப்பையில் போடுவார்கள்.